குவான்சோவில் தொலைந்த இரண்டு சோடிச் சப்பாத்து

எனக்கு நடக்கத் தெரியும். வேறு எதில் குறை சொன்னாலும் இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் இருபத்தாறு வருடமாகத் தபால்காரனாக இருக்கிறேன். அந்த ஊரில் தெரு என்று பெயர் வைத்திருப்பதில் பாதி படிக்கட்டு. தொங்குரயில் ஆற்றுக்கு மேலால் சொகுசாகப் போய்வரும். தபால்காரன்தான் மலையேற வேண்டும். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் அரைவாசிப்பேர் முழங்கால் போய் மேசை வேலைக்கு மாறிவிட்டார்கள். எனக்குக் குதிக்காலில் மட்டும்தான் கோளாறு. அதற்கும் வைத்தியர் அளவெடுத்துச் செய்வித்த உள்ளட்டை ஒன்று சப்பாத்துக்குள் இருக்கிறது. அது இருக்கும்வரை என்னை யாரும் முந்த முடியாது.

ஆனால் வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊர் முழுவதற்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற எனக்கு, என் வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. விலாசத்தில் இருக்கிற டொச், அதாவது ஜெர்மன் மொழி வேறு, அரச கந்தோர்க்காரர் எழுதுகிற டொச் வேறு. முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போவதற்குள் வினைச்சொல் எங்கே போனதென்று தேடிக் களைத்துவிடுவேன். அந்த வேலையை எங்கள் மகள் ஒன்பது வயதில் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் அந்தக் கிழமைக் கடிதங்களைப் பரப்பிவைப்போம். அவள் காலை ஆட்டிக்கொண்டு வாசித்துச் சொல்வாள். வைத்தியரிடம் நேரம் குறித்து டெர்மின் எடுப்பதும், வதிவிட அனுமதிக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் நிரப்புவதும், ஈரச்சுவரைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரனுக்கு எழுதுவதும் அவள்தான். தன் தாயின் வயிற்றில் வளர்ந்த கட்டியைப் பற்றி வைத்தியர் சொன்னதைப் பன்னிரண்டு வயதில் எங்களுக்குத் தமிழில் சொன்னவளும் அவள்தான்.

தமிழ்ப் பள்ளிக்கூடமும் சனிக்கிழமை காலையில்தான் நடந்தது. நான்காம் வகுப்போடு அவள் அதை விட்டுவிட்டாள். கேட்பவர்களுக்குப் பிள்ளைக்கு நாட்டமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உண்மை எங்களுக்குத் தெரியும். அவளுக்குக் கைத்தொலைபேசி வந்த நாளிலிருந்து, எந்தப் படிவத்திலும் தொலைபேசி இலக்கம் கேட்கிற பெட்டியில் அவளுடைய இலக்கம்தான் ஏறியது. வங்கியோ, ஆஸ்பத்திரியோ, மின்சாரக்காரனோ, எங்களைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது அவள் ஹம்பேர்க்கில் வேலை செய்கிறாள். வெளிநாட்டிலிருந்து சப்பாத்து இறக்குகிற ஒரு நிறுவனம். போன வருடம் அவளை ஆறு மாதம் சீனாவில் இருத்தினார்கள். வசந்தகாலத்தில் ரிக்கெற் எடுத்து அனுப்பி, இரண்டு கிழமை வந்து நில்லுங்கோ என்றாள். என் மனைவியின் அக்கா கனடாவிலிருந்து கேட்ட முதல் கேள்வி, "சீனாவிலை ஆர் இருக்கினம்?" என்பது. நியாயமான கேள்விதான். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் பறப்பார்கள். லண்டன், பரிஸ், ரொறன்ரோ எல்லாம் போயிருக்கிறோம். அங்கெல்லாம் பார்த்தது ஒரு மண்டபமும் ஒரு சமையலறையும்தான். சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஊருக்கு நாங்கள் போனது அதுதான் முதல்தடவை. அப்படியிருந்தும் மனைவி பயற்றம் பணியாரம் சுட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். "ஆருக்கு?" என்று கேட்டேன். "வெறுங்கையோடை போகலாமோ?" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மகள் இருந்தது சியாமென் என்ற கடற்கரை நகரத்தில். நாங்கள் போய் நாலாம் நாள், பக்கத்திலிருக்கும் குவான்சோவுக்கு வேலையாகப் போக வேண்டும் என்றாள். அந்த நகரத்தைச் சுற்றி ஏராளமான சப்பாத்துத் தொழிற்சாலைகள். குவான்சோ என்ற பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கோயில் மண்டபத்தில் ஒருவர் எப்போதோ பேசியது மனதில் இருந்தது. எழுநூறு வருடத்துக்கு முன்பு தமிழ் வணிகர்கள் கப்பலில் போய் அங்கே சிவன் கோயில் கட்டினார்களாம். கோயில் போய்விட்டது, தூண்கள் இன்னும் இரட்டைக் கோபுரம் உள்ள ஒரு புத்தர் கோயிலில் நிற்கின்றனவாம். "என்னை அங்கை விடு, நான் நடந்து பாக்கிறன்" என்றேன்.

அன்று காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவளைப்போல ஹம்பேர்க்கிலிருந்து சீனாவுக்கு வந்திருந்த வேலைத்தலத்துச் சிநேகிதி. யன்னலருகே நின்று டொச்சில் பேசினாள். யாரோ அவளை இன்னொரு பயணத்துக்குக் கேட்கிறார்கள்போல. "முடியாது, அப்பா அம்மா இங்கே நிற்கிறார்கள்" என்றாள். பிறகு சாதாரணமாக, கோபமோ சலிப்போ இல்லாமல், "அவர்களுக்குத் தனியாக ஒன்றும் ஏலாது" என்றாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

கந்தோர் டொச் எனக்கு விளங்காது. இது விளங்கியது. கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தேன். மனைவி பழம் வெட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு நிறுவனத்தின் காரில் பழைய நகரத்தின் ஒரு தெருமுனையில் எங்களை இறக்கினாள். பின்னேரம் ஐந்து மணிக்கு அதே முனையில் நிற்கச் சொன்னாள்.

"ஏதும் எண்டா உடனே எடுங்கோ அப்பா. மீட்டிங்கிலை இருந்தாலும் எடுப்பன். மொழிபெயர்க்கிற செயலியும் போட்டு விட்டிருக்கிறன்."

"ஒண்டுக்கும் எடுக்கமாட்டன். நீ உன்ர வேலையைப் பார்."

"எடுப்பீங்கள்" என்று சிரித்தாள். கார் போய்விட்டது.

அந்த இடத்திலேயே எனக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள். ஒரேயொரு நாள் இந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல், ஒரு சொல்லும் தெரியாத ஊரில் நாங்கள் நடந்து, சாப்பிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, சொன்ன நேரத்துக்குச் சொன்ன முனையில் நிற்க வேண்டும். கைத்தொலைபேசியை மனைவியின் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

நடக்கத் தெரிந்தவனுக்கு ஊர் தானாக வாசல் திறக்கும். சிவப்புக் கல் வீடுகள். கூரையின் இரு முனைகளும் குருவி வால்போல மேலே வளைந்திருந்தன. கதவுக்கு மேலே சின்ன நீலத் தகடு. எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கியது. இடது பக்கம் ஒற்றை, வலது பக்கம் இரட்டை. அதைக் கண்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இலக்கம் ஒழுங்காக ஓடுகிற ஊரில் நான் தொலையமாட்டேன். மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். மனைவி ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டாள். ஒரு சந்தியில் பச்சை உடுப்போடு ஒரு தபால்காரர் கடிதக்கட்டை விரித்துக்கொண்டு நின்றார். எங்களுடையது மஞ்சள், அவர்களுடையது பச்சை. கட்டைப் பிடித்திருந்த விதத்திலேயே ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கையில் கட்டு, பெருவிரலால் ஒன்றொன்றாகத் தள்ளுவது. நான் என் தோளில் பை தொங்குவதுபோலத் தட்டிக்காட்டி, கடிதம் போடுவதுபோல அபிநயம் செய்தேன். மனிதர் என் சப்பாத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபுரம்போலக் கையைக் குவித்து இரண்டு விரல் காட்டினேன். அவர் தெருவை நேரே நீட்டி, பிறகு வலது என்றார். உலகத்தில் வழி கேட்பதற்குத் தபால்காரனை விட்டால் ஆளில்லை என்று மனைவிக்குப் பெருமையடித்தேன். "முதலிலை போய்ச் சேருவம்" என்றாள்.

போகிற வழியில் ஒரு மரத்தைக் கண்டு அவள் நின்றுவிட்டாள். சிவப்புப் பூ, தண்டில் முள். "இஞ்சருங்கோ, முள்முருக்கு" என்றாள். முள்முருக்கேதான். எங்கள் கலியாணத்துக்குக் கன்னிக்கால் நட்ட மரம். ஜெர்மனியில் ஒவ்வொரு கலியாணத்துக்கும் அதற்குப் பதிலாக ஏதோ ஒரு கொப்பை வெட்டிக் கட்டி ஐயரைச் சமாளிப்போம். இங்கே தெருவோரத்தில் கேட்பாரில்லாமல் பூத்து நின்றது. அந்த நகரத்துக்கு முன்பு அந்த மரத்தின் பெயர்தான் என்று மகள் பிறகு சொன்னாள்.

இரண்டு கற்கோபுரங்களுக்கு நடுவே பெரிய புத்தர் கோயில். சனக்கூட்டம். ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். பின்பக்க வாசலின் படியடியில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே நேரத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம். முப்பது வருடமாக வுப்பர்டால் குளிரிலும் கோயில் வாசலில் செய்கிற வேலை. கை தானாகச் செய்தது. என்னுடையதையும் அவளுடையதையும் சோடி சேர்த்துச் சுவரோரமாக வைத்துவிட்டுக் காலுறையோடு படியேறினோம்.

பின்விறாந்தையில் அந்த இரண்டு தூண்களும் நின்றன. பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். பல பட்டையாகச் செதுக்கி, இடையிடையே வட்டத்துக்குள் உருவங்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மடியில் ஒருவனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார் நரசிம்மர். இன்னொரு வட்டத்தில் மரத்தில் ஏறியிருக்கிறான் கண்ணன். பக்கத்தில் நின்ற சீனர்களுக்கு வழிகாட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த நகரத்தில் காலையிலிருந்து ஒரு எழுத்தும் வாசிக்க முடியாமல் வந்த எங்களுக்கு, அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு மட்டும், அந்தத் தூண் முழுவதும் வாசிக்க முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில்தான், வேறு காரணம் சொல்லி மறைக்க விரும்பவில்லை.

"இவையள் வரேக்கை அகதி முகாம் இல்லை, விசா இல்லை, அன்ட்ராக் இல்லை" என்று மனைவிக்குச் சொன்னேன். "கப்பலிலை வந்தினம், வியாபாரம் செய்தினம், தலை நிமிந்து கோயில் கட்டிச்சினம். ஒருத்தரிட்டையும் கையேந்தேல்லை."

அவள் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவையளுக்கும் ஆரோ ஒரு பிள்ளை மொழிபெயர்த்திருக்கும்" என்றாள்.

"என்ன?"

"கோயில் கட்டுறதெண்டா காணி வேணும். கந்தோருக்குப் போகவேணும். கல்லுக் கொத்துறவனோடை கதைக்கவேணும். சீனம் ஆருக்குத் தெரியும்? இஞ்சை பிறந்த பிள்ளைக்குத்தான்."

அந்த வணிகர்களை நான் காலையிலிருந்து மீசையும் தலைப்பாகையுமாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வீழ்ந்து கும்பிட முடியாத கூட்டம். நின்றபடி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினோம். சுவரோரம் வெறுமையாக இருந்தது.

முதலில் வேறு படியோ என்று நினைத்தோம். மறுபக்கம் போய்ப் பார்த்தோம். அங்கும் இல்லை. மண்டபத்துக்குள் போய்வருகிறவர்களின் கால்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அத்தனை பேரும் சப்பாத்தோடு. ஒருவர்கூடக் கழற்றவில்லை. அந்தக் கோயிலில் கழற்றுகிற வழக்கமே இல்லை. அவ்வளவு பெரிய சனக்கூட்டத்தில், வெறுஞ்சுவரோரம் இரண்டு சோடிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போக நாங்கள் இருவர்தான் இருந்திருக்கிறோம். உலகத்துக்கே சப்பாத்துத் தைத்து அனுப்புகிற ஊரில், சப்பாத்து இறக்குகிறவளின் அப்பா காலுறையோடு நின்றேன்.

மனைவியின் கை உடனே கைப்பைக்குள் போனது.

"பிள்ளைக்கு எடுப்பம்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உங்கட உள்ளட்டை இல்லாமல் நூறு அடி நடப்பியளோ? சரி, அந்தச் செயலியையாவது தட்டுவம்."

"அதுவும் அவள் போட்டுத் தந்ததுதான். அதைத் தட்டினாலும் அவளைக் கூப்பிட்டமாதிரித்தான்."

"உங்கட வீம்புக்கு ஒரு அளவில்லையோ?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரத்தரையில் அவளுடைய காலுறையும் நனைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். காலையில் யன்னலருகே மகள் என்ன சொன்னாள் என்பதை, டொச்சில் சொன்னபடியே சொல்லி, பிறகு தமிழிலும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கேட்டாள்: "கோவத்திலை சொன்னவளோ?"

"இல்லை. சும்மா சொன்னவள். உண்மையெண்டுதானே சொன்னவள்."

கைப்பைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தாள். சிப்பை இழுத்து மூடினாள். "அப்ப எடுக்க வேண்டாம்" என்றாள். முப்பத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அவள் எனக்குச் சொன்ன வார்த்தைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் தபால்காரனாக யோசிக்கத் தொடங்கினேன். ஆளில்லாத பொருள் எங்கே போகும்? களவு போனதாக நான் நினைக்கவில்லை. என் நாறல் சப்பாத்தை யாரும் களவெடுக்கமாட்டார்கள். விலாசம் இல்லாமல் ஒரு பொதி கிடந்தால், அதை முதலில் காண்பது கூட்டித் துடைக்கிறவர்கள். அவர்கள் அதை எறியப் பயந்து, பொறுப்பு உள்ள யாரிடமாவது கொடுப்பார்கள். அந்த ஆளின் அறை எந்தக் கட்டடத்திலும் வாசலை அண்டித்தான் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் நான் ஏறியிறங்காத கட்டட வகை இல்லை. ஆகவே தும்புத்தடியைத் தேடினேன். தும்புத்தடியோடு ஒரு அம்மா முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டு நின்றார். என் வயதிருக்கும். முன்னால் போய் நின்று என் காலைக் காட்டினேன். மனைவியின் காலையும் காட்டினேன். பிறகு சுவரோரத்தைக் காட்டி இரண்டு கையையும் விரித்தேன்.

அவர் காலுறைகளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களை நன்றாக ஏசினார். மொழி தெரியாவிட்டாலும் ஏச்சு விளங்கியது: குளிர்ந்த தரை, வயதுபோன நேரம், புத்தி வேண்டாமா. என் மனைவி எனக்கு ஏசுகிற அதே ராகம். என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசலோரத்தில்தான் அந்த அறை இருந்தது. நான் சொன்னபடியே என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கவனிக்காததுபோல இருந்தாள். இராக்கைத் தட்டுகளில் குடைகள், குழந்தைத் தொப்பிகள், தண்ணீர்ப் போத்தல்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் இரண்டு சோடியும், இலக்கமிட்ட அட்டை கட்டி, ராசாபோல இருந்தன. நான் கையை நீட்டினேன். மேசையிலிருந்த இளம்பெண் தலையாட்டி மறுத்துவிட்டு ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார்.

படிவம். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அது என்னை விடாது போலிருக்கிறது. முழுக்கச் சீன எழுத்து. ஒவ்வொரு கந்தோரிலும் இந்த இடத்தில் நான் ஒரு அடி பின்னால் நகர்வேன், மகள் ஒரு அடி முன்னால் வருவாள். அன்று பின்னால் நகர இடமில்லை. மனைவி முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நான் குனிந்து பெட்டிகளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெரிந்தது. இருபது வருடம் மகளின் தோளுக்கு மேலால் படிவம் பார்த்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். மேலே நீளமான முதற்பெட்டி பெயர். அதற்குக் கீழே எண் எழுதக் கட்டம் கட்டமாக இருப்பது கடவுச்சீட்டு இலக்கம். நடுவில் பெரிய வெற்றிடம் பொருளின் விபரம். கீழே குட்டையாக ஒன்று திகதி, அதற்கருகே கோடு போட்டது கையொப்பம். விரலால் முதற்பெட்டியைத் தொட்டு என் நெஞ்சைத் தொட்டேன். அந்தப் பெண் தலையாட்டினார். இரண்டாவதைத் தொட்டுக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். தலையாட்டினார்.

எந்த மொழியில் எழுதுவது? டொச்சில் எழுதினால் பிழை வரும். யாராவது திருத்த வேண்டும். நான் தமிழில் எழுதினேன். முதலில் என் முழுப்பெயர். பெரிய பெட்டிக்குள், 'ஆண்களுக்கான கறுப்புத் தோல் சப்பாத்து ஒரு சோடி. வலது குதிக்கால் தேய்ந்தது. உள்ளே வைத்தியர் அளவில் செய்த உள்ளட்டை உண்டு. பெண்களுக்கான நாவல் நிறச் சப்பாத்து ஒரு சோடி. கோயிலென்று கழற்றி வைத்தோம்' என்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய என் பழைய கையெழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினேன்.

கடைசியில் இன்னொரு பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தொலைபேசிப் படம். என் பேனா அங்கே போனதும், இத்தனை வருடப் பழக்கத்தில் மகளின் இலக்கத்தின் முதல் எண்ணுக்கு வளைந்தது. நிறுத்தினேன். என் சொந்த இலக்கம் என்ன என்று ஒரு கணம் எனக்கு ஞாபகம் வரவில்லை. மனைவியைக் கேட்டேன். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் எழுதினேன்.

அந்தப் பெண் படிவத்தைத் தன்பக்கம் திருப்பினார். எழுத்துகளைப் பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். என்ன மொழி என்றுதான் கேட்டிருக்க வேண்டும். "தமிழ்" என்றேன். மண்டபத்தின் பின்பக்கத்தைக் கைகாட்டி, தூணைப்போல இரண்டு கையையும் உயர்த்தினேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. என் வரிகளின் கீழே விரலை ஓட்டிவிட்டு, சிவப்பு முத்திரையை எடுத்து எழுத்துக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தினார். கீழ்த்தாள் பிரதியைக் கிழித்து என்னிடம் தந்தார். அந்த ஊரில் அதற்குமுன் யார் கடைசியாகத் தமிழில் எழுதி ஒரு காரியம் முடித்தார்கள் என்று யோசித்தேன். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெளியே தும்புத்தடி அம்மா காத்து நின்றார். எங்கள் காலில் சப்பாத்து ஏறியதைப் பார்த்துவிட்டு, மண்டபத்தைக் காட்டி, சப்பாத்தைக் காட்டி, தலையை ஆட்டினார்: போட்டுக்கொண்டே போகலாம். மனைவி கைப்பையைத் திறந்து, காலையில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பயற்றம் பணியாரப் பொதியை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அவர் வேண்டாமென்றார். இவள் விடவில்லை. எங்கள் ஆட்கள் படலையடியில் நின்று இழுபறிப்படுவதுபோல இரண்டுபேரும் பொதியைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை விரித்து, மிச்சத்தைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பாத்தியளே, ஆரும் இல்லாத ஊரெண்டியள்" என்றாள் மனைவி. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? சொன்னது அவளுடைய அக்கா. வாதாடவில்லை.

அதற்குப் பிறகு அந்த நகரம் எங்களுடையதாகிவிட்டது. கல்வாசல் வைத்த பழைய பள்ளிவாசலைப் பார்த்தோம். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோயில். சனம் தட்டுத்தட்டாகப் பழம் படைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையைச் சுட்டிக்காட்டியே நிலக்கடலைச் சூப்பும் நூலாக இழுபடுகிற ஒரு கஞ்சியும் வாங்கிக் குடித்தோம். ஒரு ஒழுங்கையில் பெண்கள் தலையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைத்துக்கொண்டு போனார்கள். அது அந்தப் பக்கத்து வழக்கம். மனைவி கடைவாசலில் நின்று பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே உள்ளே போய் இருந்து, தன் கொண்டையைக் காட்டினாள். வுப்பர்டாலில் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறக் கூச்சப்பட்டு, கோயிலுக்குப் போன பிறகு வைக்கிறவள், அன்று தலை நிறையப் பூவோடு நடுத்தெருவில் நடந்தாள். சீனப் பெண்கள் நின்று பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்கள். நான் இரண்டடி பின்னால் நடந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க அந்தத் தெருமுனையில் நின்றோம். கார் வந்தது. மகள் அது நிற்கமுதலே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தாயின் தலையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். எங்களை முழுதாக எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏனப்பா ஒருக்காலும் எடுக்கேல்லை? நாள் முழுக்கப் போனை மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"தேவைப்படேல்லை."

சட்டைப்பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கின விதத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கடிதம் என்றால் ஒன்பது வயதிலிருந்து அவள் முகம் இறுகும், அதே இறுக்கம். மேலே பார்த்தாள், சீனம். கீழே பார்த்தாள், தமிழ். நான்காம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு, "கறு...ப்புத்...தோ..." என்று எழுத்துக் கூட்டினாள். பிறகு நிறுத்தினாள்.

"எனக்கு விளங்கேல்லை அப்பா. வாசிச்சுச் சொல்லுங்கோ."

அந்தத் தெருமுனையில் நின்று நான் என் மகளுக்கு ஒரு படிவத்தை வாசித்துச் சொன்னேன். முதற்பெட்டி பெயர், இரண்டாவது கடவுச்சீட்டு இலக்கம், பிறகு சப்பாத்துக் கதை. கோயிலென்று கழற்றி வைத்தோம் என்ற இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். தாயும் சிரித்தாள். கடைசிப் பெட்டிக்கு வந்தேன். எண்களை வாசிக்க அவளுக்கு நான் தேவையில்லை. அவளே பார்த்தாள்.

"இது என்ர நம்பர் இல்லையே."

"ஓம். என்ர."

அவள் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் சொன்னது என் காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, நான் விசாரிக்கவில்லை. அவளுடைய கண் நிறைந்திருந்தது. கடதாசியை நாலாக மடித்து, "இதை நான் வைச்சிருக்கட்டே?" என்றாள். தலையாட்டினேன்.

காரில் பின்பக்கம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து இருந்தாள். வழக்கமாக முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வழி சொல்லிக்கொண்டு வருகிறவள். நகரம் முடிவதற்குள் தாயின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். பூ அவள் நெற்றியில் முட்டிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் சாரதி வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். அவளுக்கு உடனே கண் திறந்தது. உடம்பு நிமிரப் பார்த்தது.

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

"நீ படு பிள்ளை. நான் பாக்கிறன்."